காற்றுக்கு அஞ்சும் மது

திராட்சைக் குலையை மிதித்துச் சாறாக்குவதற்கு மனிதனுடைய இரண்டு கால்கள் போதும். அந்தச் சாறு மதுவாக மாறுவதற்கோ மனிதன் வேண்டியதே இல்லை, தொட்டியில் விட்டுவைத்தால் தானாகவே மாறிவிடும். ஆனால் அப்படி மாறிய மது அடுத்த படிக்கும் போய்க் காடியாகிவிடாமல், வருகிற வசந்தகாலம் வரை மதுவாகவே நிற்கும்படி செய்வதற்குத்தான் அறிவும் பொறுமையும் தலைமுறை தலைமுறையாக வந்த அனுபவமும் தேவைப்படுகின்றன. வீட்டில் மது செய்யும் வழக்கம் எங்கெங்கே வேரூன்றியிருக்கிறதோ அங்கெல்லாம் அது ஏறக்குறைய ஒரே கேள்விக்கு விடை தேடும் கலையாகவே இருந்து வந்திருக்கிறது: எந்தப் பொழுதில் காற்றை உள்ளே விடுவது, எந்தப் பொழுதில் அதை வாசலிலேயே நிறுத்துவது? இந்தக் கேள்விக்கு உலகில் கிடைத்த பழைய விடைகளுள் ஒன்று, காக்கஸஸ் மலைகளின் தென்சாரலில் உள்ள ஜார்ஜியா நாட்டில், இன்றும் ஆண்டுதோறும் பிரயோகத்தில் இருந்து வருகிறது.

அந்நாட்டின் கீழ்த்திசை மாகாணமான காகெத்தியில், அலசானி ஆற்றுப் பள்ளத்தாக்கு நெடுகிலும், செப்டம்பர் மாதத்தின் பிற்பாதியில் ருத்வேலி தொடங்குகிறது. அதாவது திராட்சை அறுவடை. தலைநகரமான திபிலிசியில் உத்தியோகம் பார்க்கிறவர்களும் படிக்கிறவர்களும் அந்த நாட்களில் சொந்த ஊருக்குத் திரும்பி, பாட்டன் வைத்த கொடிகளிலிருந்து குலைகளை வெட்டிக் கூடைகளில் சேர்க்கிறார்கள். ஆலைகளுக்கு வண்டி வண்டியாகப் பழம் போவது ஒருபுறம் இருக்க, வீட்டுத் தேவைக்கென்று ஒதுக்கிய பழம் வீட்டை ஒட்டிய மரானி என்னும் மது அறைக்குப் போய்ச் சேர்கிறது. அந்த அறைக்குள் முதன்முறையாக நுழைகிறவனுக்குச் சற்று ஏமாற்றமே உண்டாகும். பீப்பாய்கள் இல்லை, அலமாரிகள் இல்லை, தரையில் வட்ட வட்டமாகச் சில வாய்கள் மட்டுமே தென்படும். அந்த வாய்களுக்குக் கீழே, கழுத்துவரை மண்ணில் புதைந்து நிற்கின்றன க்வெவ்ரி என்று அவர்கள் அழைக்கும் தாழிகள். வயிறு பருத்து, அடி கூம்பி, சில நூறு லிட்டரிலிருந்து இரண்டாயிரம், மூவாயிரம் லிட்டர் வரை கொள்ளத்தக்க இந்தத் தாழிகளில் மது செய்யும் முறையை 2013ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பதிவு செய்துகொண்டது.

பழமையைப் பற்றிப் பேசும்போது எல்லா நாட்டாரும் கொஞ்சம் மிகைப்படுத்துவது உலக இயல்பு. ஜார்ஜியர் விஷயத்தில் மிகைக்கு அவசியமே இல்லாமல் போய்விட்டது. திபிலிசிக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள கடச்ரிலி கோரா, ஷுலாவேரிஸ் கோரா என்னும் இரண்டு புதிய கற்கால மேடுகளில் கிடைத்த பானை ஓடுகளை ரசாயன ரீதியாகப் பரிசோதித்த பாட்ரிக் மக்கவர்ன் முதலிய அறிஞர்கள், அவற்றில் திராட்சை மதுவின் அடையாளங்கள் ஊறிக் கிடப்பதை 2017இல் வெளியிட்டார்கள். அந்த ஓடுகளின் காலம் கி.மு. 6000க்கும் கி.மு. 5800க்கும் இடைப்பட்டது. (ஓடுகள் மதுவைத்தான் காட்டுகின்றனவே தவிர, தாழியைப் புதைக்கும் வழக்கமும் அதே பழமையுடையது என்று அவற்றைக்கொண்டு சாதித்துவிட முடியாது, இந்த வேறுபாட்டைச் சுற்றுலாப் பிரசுரங்கள் சௌகரியமாக மறந்துவிடுகின்றன.) எட்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அழியாமல் நின்று சாட்சி சொன்ன பதார்த்தங்களுள் முதன்மையானது டார்டாரிக் அமிலம். பழங்களில் சிட்ரிக் அமிலமும் மாலிக் அமிலமும் சர்வசாதாரணம். டார்டாரிக் அமிலத்தை மிகுதியாகச் சேர்த்து வைக்கும் கனிகளோ மிகச் சில. நம் சமையலறைப் புளி அவற்றுள் ஒன்று, திராட்சை மற்றொன்று. புளியமரம் என்பதையே அறியாத மலைநாட்டில், பானையின் உட்புறத்தில் இந்த அமிலம் செறிந்து காணப்பட்டால் அது திராட்சையையே சுட்டும் என்று முடிவு செய்வதில் தவறில்லை. லூயி பாஸ்டர் தம் இருபத்தைந்தாம் வயதில், 1848இல், ஒன்றுக்கொன்று பிம்பம் போன்ற இருவகை மூலக்கூறுகள் உண்டு என்று கண்டறிந்ததும் இதே அமிலத்தின் உப்புப் படிகங்களைப் பொறுக்கிப் பிரித்தபோதுதான். அந்தப் பாஸ்டர் இந்தக் கதையில் மறுபடியும் வரப்போகிறார்.

பழம் வருவதற்கு முன்பே தாழி தயாராக இருக்க வேண்டும். சக்கரத்தில் வனைய முடியாத அளவுக்குப் பெரிதான இந்தப் பாண்டத்தை, மண்ணைத் திரிகளாக உருட்டி, ஒரு சுற்று உலர்ந்து இறுகிய பிறகு அடுத்த சுற்று என்று வாரக்கணக்கில் அடுக்கி உயர்த்துகிறார்கள். சூளையிலிருந்து எடுத்து, சூடு முற்றும் ஆறுவதற்குள் உட்புறம் தேன்மெழுகு பூசுகிறார்கள். சுட்ட மண்ணின் நுண்துளைகளில் மெழுகு இறங்கிவிடுவதால் மது கசிவது குறைகிறது; ஆனால் மெழுகின் முக்கியமான உபகாரம், கிருமிகள் குடியேறுவதற்கு இடுக்கு இல்லாமல் செய்வதுதான். ஒவ்வோர் ஆண்டும் தாழியைக் கழுவுவது, மது செய்வதிலேயே மிகக் கடினமான வேலை. பெரிய தாழியானால் ஆள் உள்ளே இறங்கித் தேய்க்க வேண்டும். சிறியதானால் செர்ரி மரப்பட்டைகளைக் கொத்தாகக் கட்டி, நீண்ட கோலில் செருகிய துடைப்பத்தால் மேலிருந்தே தேய்க்கிறார்கள். சுண்ணாம்பு நீர் ஊற்றிக் கழுவுவதும் உண்டு. நம் ஊரில் பனையேறி, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர் புளிக்காமல் கிடைக்கிறது, தடவாமல் விட்டால் கள்ளாகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். காரத்தன்மையில் ஈஸ்டும் பாக்டீரியாவும் தலையெடுக்க முடியாது என்னும் அதே உண்மையை, அங்கே போன ஆண்டின் வேண்டாத விருந்தாளிகளை வெளியேற்றுவதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

அறுத்த குலைகளை, ஒரே மரத்தைக் குடைந்து செய்த நீண்ட தொட்டியில் கொட்டி மிதிப்பது பழைய சம்பிரதாயம். இப்போது பல வீடுகளில் கையால் சுழற்றும் நசுக்கும் பொறி வந்துவிட்டது. காலுக்கும் பொறிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: கால் பழத்தை நசுக்குமே ஒழிய விதையை உடைக்காது. விதைக்குள் இருக்கும் எண்ணெயும் கசப்பும் சாற்றில் கலக்கலாகாது என்பதால், நல்ல பொறி என்பது காலின் மென்மையைக் கற்றுக்கொண்ட பொறிதான். தொட்டியிலிருந்து சாறு தாழிக்கு ஓடுகிறது. பின்னாலேயே தோலும் விதையும் காம்புமாகிய சக்கையும் போகிறது. ஐரோப்பியர் வெள்ளை மது செய்யும்போது சக்கையை முதலிலேயே பிழிந்து நீக்கிவிடுவார்கள். காகெத்தியில் ர்கட்சிதெலி என்னும் வெண்திராட்சைக்கும் இந்த விதிவிலக்குக் கிடையாது. சக்கை முழுவதும் ஐந்தாறு மாதம் மதுவிலேயே ஊறும். மேற்கே இமெரேத்தியில் சக்கையில் ஒரு பங்கை மட்டுமே சேர்ப்பார்கள். பெரும்பாலான திராட்சைகளில், கருந்திராட்சையே ஆனாலும், சதை நிறமற்றது. நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. சபெரவி என்னும் ஜார்ஜியத் திராட்சை சதையும் சிவந்த அபூர்வ ஜாதி. தோலோடு ஊறிய வெண்திராட்சை மதுவோ, தேயிலைக் கஷாயத்தின் நிறமும் சற்றே நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பும் பெறுகிறது. அந்தத் துவர்ப்பின் பயனைப் பிறகு பார்ப்போம்.

தாழியை நிரப்பிய இரண்டொரு நாளில், நெருப்பு மூட்டாமலே சாறு கொதிப்பதுபோல் பொங்கத் தொடங்குகிறது. யார் இதைச் செய்கிறார்கள்? வீட்டுக்காரன் ஈஸ்ட் எதையும் இடவில்லை. பழத்தோலில் ஒட்டிக்கொண்டு வந்தது என்பான். 1878இல் இதே விஷயத்தைப் பற்றிப் பிரான்சில் பெரிய விவகாரம் ஒன்று நடந்தது. உடலியல் மேதையான கிளாட் பெர்னார்ட் அவ்வாண்டு பிப்ரவரியில் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை அந்தக் கோடையில் வேதியியலாளர் பெர்த்தலோ வெளியிட்டபோது பாஸ்டர் திடுக்கிட்டுப் போனார். ஏனெனில், ஈஸ்ட் என்னும் ஜீவன் இல்லாமலேயே பழச்சாற்றில் ஆல்கஹால் உண்டாகக்கூடும் என்று அவற்றில் எழுதியிருந்தது. மறைந்த நண்பரோடு வாதாடுவது சங்கடமான காரியம். வாதாடாமல் இருப்பது பாஸ்டருக்கு அதைவிடச் சங்கடம். அவர் உடனே கண்ணாடி வீடுகள் செய்யச் சொல்லி, தாம் வளர்ந்த ஊரான ஆர்புவாவுக்கு அருகில் இருந்த தம்முடைய தோட்டத்திற்கு அனுப்பி, காய்கள் பச்சையாக இருக்கும்போதே சில கொடிகளை அவற்றால் மூடினார். உள்ளே சில குலைகளைத் தூய்மை செய்த பஞ்சினால் சுற்றியும் வைத்தார். இலையுதிர்காலத்தில் பழுத்த பிறகு நசுக்கிப் பார்த்தபோது, திறந்தவெளியில் பழுத்தவை வழக்கம்போல் நொதித்தன. பஞ்சுக்குள் பழுத்தவை நொதிக்கவில்லை. மதுவின் வித்து பழத்திற்கு உள்ளே இல்லை, வெளியிலிருந்து வந்து தோலின்மேல் இறங்குகிறது என்பது நிரூபணமாயிற்று. ஆயினும் சரித்திரம் பாஸ்டரை முழு வெற்றி பெற விடவில்லை. 1897இல் எடுவார்ட் பூக்னர், ஈஸ்டை மணலோடு அரைத்துப் பிழிந்து, உயிருள்ள அணு ஒன்றும் இல்லாத அந்தச் சாறு சர்க்கரையை நொதிக்கச் செய்வதைக் கண்டு, பத்து ஆண்டுகளுக்குப் பின் நோபல் பரிசும் பெற்றார். காரியத்தைச் செய்வது ஜீவன் அன்று, ஜீவன் உண்டாக்கிய நொதி; பெர்னார்டின் சந்தேகம் முற்றிலும் அபத்தமானது அன்று.

தோலின்மேல் இறங்கியவர்கள் எல்லாரும் ஒரே குலத்தைச் சேர்ந்தவர்களும் அல்லர். மது செய்வதில் பேர்பெற்ற சாக்கரோமைசஸ் ஈஸ்ட், பழுதில்லாத பழத்தின் தோலில் மிக அரிதாகவே காணப்படுகிறது. அங்கே கூட்டமாக இருப்பவை ஹான்சனியாஸ்போரா முதலிய வேறு வகைகள். அவைதான் முதலில் பொங்கச் செய்கின்றன. ஆனால் சாற்றில் ஆல்கஹால் சில சதவீதத்தை எட்டியதும் அவற்றில் பெரும்பாலானவை மடிந்து அடங்க, ஆல்கஹாலைத் தாங்கும் ஆற்றல் படைத்த சாக்கரோமைசஸ் மெல்ல மெல்லப் பெருகி, ஒரு மில்லிலிட்டரில் பத்துக் கோடி என்னும் அளவுக்கு வந்து, தாழி முழுவதையும் தன் வசப்படுத்திக்கொள்கிறது. அரிதான இந்த ஈஸ்ட் தோட்டத்திற்கு எப்படி வருகிறது என்பதற்கு ஒரு வழியை, 2012இல் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் குளவிகளின் குடலில் கண்டார்கள். பழத்தைக் கடிக்கும் குளவியின் வயிற்றில் தங்கிய ஈஸ்ட், குளிர்காலம் முழுவதும் உறங்கும் ராணிக் குளவியோடு உறங்கி, வசந்தத்தில் அது புழுக்களுக்கு ஊட்டும் உணவோடு அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அறுவடைக் கூடையைச் சுற்றும் குளவியைக் கையை வீசித் துரத்துகிறவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

இனிக் காற்றைப் பற்றிய கேள்விக்கு வருவோம். ஆரம்பத்தில் காற்று வேண்டும். ஈஸ்ட் பெருகுவதற்குத் தன் உடற்சவ்வில் எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்புப் பொருளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்வதற்குப் பிராணவாயு இன்றியமையாதது. மிதிக்கும்போதும் ஊற்றும்போதும் சாற்றில் கலந்த காற்று இதற்கு உதவுகிறது. நொதித்தல் என்பது காற்றில்லாத இடத்து வாழ்க்கை என்று பாஸ்டர் இலக்கணம் வகுத்தார். அது பொதுவாகச் சரியே என்றாலும், சாக்கரோமைசஸ் விஷயத்தில் இயற்கை ஒரு வினோதமான விலக்கை வைத்திருக்கிறது. சர்க்கரை மிகுந்திருந்தால், காற்று இருக்கும்போதுகூட அது முழுமையாகச் சுவாசிக்காமல் ஆல்கஹாலையே உண்டாக்கித் தள்ளும். ஒரு மூலக்கூறு சர்க்கரையிலிருந்து கிடைக்கக்கூடிய சக்தியில் சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வீணாக்குவது ஊதாரித்தனமாகத் தோன்றும். ஆனால் போட்டியாளர்களுக்கு ஆல்கஹால் விஷம் என்பதை நினைத்தால், அது ஊதாரித்தனம் அன்று, ராஜதந்திரம்.

இந்த வரவுசெலவை முதன்முதலில் தராசில் நிறுத்துப் பார்த்தவர் லவாய்சியே என்னும் வேதியியலாளர். பொருள் புதிதாக உண்டாவதும் இல்லை, இல்லாமற் போவதும் இல்லை என்னும் பிரசித்தமான நியதியை அவர் 1789இல் வெளியிட்ட ரசாயன நூலில் எந்த இடத்தில் எழுதினார் என்று தேடினால், அது மது நொதித்தலைப் பற்றிய அத்தியாயத்தில் இருக்கிறது. சர்க்கரையின் எடையில் ஏறக்குறைய பாதி ஆல்கஹாலாகவும் மறுபாதி கரியமிலவாயுவாகவும் பிரிகின்றது. லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத ஆல்கஹாலைத் தரும் என்பது மது செய்கிறவர்களின் கணக்கு. 220 கிராம் உள்ள இனிய சாறு சுமார் 13 சதவீதத்தை எட்டும். அந்த ஒரு லிட்டர்ச் சாறு வெளியிடும் கரியமிலவாயு 50 லிட்டருக்கும் அதிகம். ஆயிரம் லிட்டர்ச் சாறு நொதித்து முடிவதற்குள் வெளிவரும் வாயு, நான்கு மீட்டர் நீள அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறையை முழுக்க நிரப்பப் போதுமானது. காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு தங்கும். தாழியின் வாயும் தரையோடுதான் இருக்கிறது. மது அறைகளில் மயங்கி விழுந்து மாண்டவர்கள் எல்லா மது நாடுகளிலும் உண்டு. விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய பரிசோதனை. ஆனால் சுடர் அணையாத அளவிலேயே கரியமிலவாயு மனிதனை வீழ்த்திவிடக்கூடும் ஆகையால், விளக்கைவிடத் திறந்த கதவையும் சன்னலையும் நம்புவதே விவேகம்.

அதே வாயு, பொங்கும் நாட்களில் மதுவுக்குக் காவலாகவும் இருக்கிறது. குமிழிகள் தோலையும் காம்பையும் மேலே தள்ளி ஒரு தடித்த ஆடையாக நிறுத்திவிடும். அந்த ஆடை காய்ந்தால், காற்றுப் படும் அதன் மேற்புறத்தில் அசெடோபாக்டர் என்னும் காடிக் கிருமி குடியேறும். ஆல்கஹாலை அசெடிக் அமிலமாக மாற்றும் அதற்குப் பிராணவாயு இல்லாமல் ஜீவனம் நடவாது. ஆகவே வீட்டார் முறைவைத்துக்கொண்டு, பகலில் பல தடவையும் நடு இரவில் ஒரு தடவையுமாகக் கோலால் ஆடையை அமுக்கி நனைத்துவிடுகிறார்கள். சோம்பல் பட்ட வீட்டின் மதுவை வசந்தத்தில் மூக்கே காட்டிக்கொடுக்கும். தாழியை விளிம்புவரை நிரப்பாமல் ஐந்தில் நான்கு பங்கோடு நிறுத்துவதும் இந்தப் பொங்கலுக்கு இடம் விடுவதற்காகத்தான். நொதித்தலில் எழும் வெப்பத்தைச் சுற்றியுள்ள மண் உறிஞ்சிக்கொள்கிறது. ஆலைகள் குளிர்நீர்க் குழாய் சுற்றிச் செய்கிற வேலையை இங்கே பூமி செலவில்லாமல் செய்கிறது.

இரண்டு மூன்று வாரங்களில் கொதிப்பு அடங்கி, ஆடை தானாகவே கனத்து மூழ்குகிறது. இதுவரை பெருகிவந்த கரியமிலவாயு நின்றுவிடுவதால் காவல் நீங்கிவிட்டது. இனிக் காற்று சத்துரு. மற்றொரு தாழியிலிருந்து மதுவை எடுத்து இதைக் கழுத்துவரை நிரப்பி, கல்லோ மரமோ கொண்டு மூடி, ஓரத்தைக் களிமண்ணால் அடைத்து விடுகிறார்கள். உள்ளே இருள்; ஆனால் காரியம் ஓயவில்லை. ஓனோகாக்கஸ் என்னும் பாக்டீரியா, பச்சைக் காயின் கூர்மையான புளிப்பைத் தரும் மாலிக் அமிலத்தைச் சாந்தமான லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. மடிந்த ஈஸ்ட் வண்டலாக இறங்குகிறது. தாழியின் கூம்பிய அடி ஏன் என்பதும் இப்போதுதான் விளங்கும்: கனமான விதைகள் முதலில் அந்தக் கூம்பில் சேர, அவற்றின்மேல் வண்டல் படிந்து மூடிவிடுவதால், மாதக்கணக்கில் மதுவோடு இருந்தும் விதையின் கசப்பு அதில் மிகுதியாக இறங்குவதில்லை. தட்டையான அடியுள்ள பாத்திரத்தில் இந்த ஏற்பாடு நடக்காது. முன்னே சொன்ன துவர்ப்பின் பயனும் இங்கேதான்: தோலிலிருந்து இறங்கிய டானின்கள் பிராணவாயுவைத் தாமே ஏற்றுக்கொண்டு மதுவைக் காப்பதால், மற்ற வெள்ளை மதுக்களுக்கு இடும் அளவுக்குக் கந்தகம் இடாமலே இது தாங்குகிறது.

இவ்வளவும் சொன்னதனால், மண்ணில் புதைத்ததெல்லாம் அமிர்தம் என்று கொள்ள வேண்டாம். அண்மைக்காலத்தில் உலகெங்கும் இந்தச் செம்பழுப்பு மதுவுக்கு ஏற்பட்டிருக்கும் மோகத்தில், காடி ஏறிய மதுவையும் இயற்கையின் குணம் என்று புகழ்ந்து விற்கிறவர்கள் தோன்றியிருக்கிறார்கள், காடி காடிதான். மறுபுறம், சோவியத் ஆட்சியில் பெரிய ஆலைகள் ஒருசில திராட்சைகளையே பேணி, எஃகுத் தொட்டிகளில் டன் கணக்கில் மது செய்துகொண்டிருந்தபோதும், 1985இல் கோர்பச்சேவின் மதுவிலக்கு இயக்கத்தில் திராட்சைத் தோட்டங்கள் வெட்டி எறியப்பட்டபோதும், இந்தக் கலையைக் காப்பாற்றியவை எந்த நிறுவனமும் அல்ல. வீட்டுக் கொல்லையில் சில வரிசைக் கொடிகளையும் தரையடியில் இரண்டு தாழிகளையும் வைத்திருந்த சாதாரணக் குடும்பங்கள்தான். ஐந்நூறுக்கும் மேற்பட்ட உள்நாட்டுத் திராட்சை வகைகள் அங்கே பெயரோடு அறியப்பட்டிருப்பதிலும் அந்தக் கொல்லைகளின் பங்கு பெரிது.

மார்ச் மாதத்திலோ ஏப்ரலிலோ களிமண்ணை உடைத்து மூடியை எடுக்கிறார்கள். மேலே தெளிந்த மது, கீழே சக்கை, அடியில் வண்டலும் விதையும். மூடி எடுத்த கணமே காற்று உள்ளே இறங்கிவிடுகிறது; மதுவை மொள்ள மொள்ள மட்டம் தாழ்ந்து, அதற்கு மேலே உள்ள வெற்றிடம் பெருகும். பாதி குறைந்த பெரிய தாழியை மறுபடி மூடி வைப்பதில் பிரயோஜனம் இல்லை, காடிக் கிருமிக்குத் தேவையான பிராணவாயு முழுவதும் அந்தப் பாதியில் இருக்கிறது. ஆதலால் தாழி திறக்கிற நாளை விருந்து நாளாக வைத்துக்கொண்டு உற்றாரையும் அண்டை அயலாரையும் அழைக்கும் வழக்கத்தில் தாராள குணத்தோடு கொஞ்சம் ரசாயனமும் கலந்திருக்கிறது என்று எண்ண இடமுண்டு. குடித்து மிஞ்சியதை அன்றே சிறிய தாழிகளிலும் கண்ணாடிக் குடுவைகளிலும் விளிம்புவரை நிரப்பி, காற்றுக்கு இடமில்லாமல் அடைத்துவிடுகிறார்கள். சக்கையை வாரியெடுத்து, சாராயம் காய்ச்சும் கொப்பரைக்குக் கொண்டுபோகிறார்கள்.